மில்ன் முறையை இன்னும் நடத்த வேண்டுமா? – எண்ணியல் முறைகள் கேள்வி பதில்

கே (புது விரிவுரையாளர், பொறியியல் கல்லூரி): சார், வகைக்கெழுச் சமன்பாட்டைச் சின்னச் சின்ன ஸ்டெப்பாக நடந்து தோராயமாகத் தீர்க்கிற ஆய்லர் முறையை நடத்தினால் பசங்க, "விடைதான் தப்பா வருதே, அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்கிறார்கள். என்ன சொல்வது?

ப: அந்தக் கேள்வியைக் கேட்ட பையனை விட்டுவிடாதீர்கள். பாடமே அங்கேதான் தொடங்குகிறது. டிஒய்/டிஎக்ஸ் = ஒய், தொடக்க மதிப்பு 1 என்ற கணக்கைப் பலகையில் போடுங்கள். எக்ஸ் 1 ஆகும்போது சரியான விடை 2.71828. ஸ்டெப் 0.1 வைத்தால் ஆய்லர் 2.5937 தரும், பிழை 0.1245. ஸ்டெப்பைப் பாதியாக்கி 0.05 வைத்தால் பிழை 0.0650. மறுபடி பாதியாக்கினால் 0.0332. ஸ்டெப் பாதியானால் பிழையும் ஏறக்குறைய பாதியாகிறது என்பதைப் பசங்களே பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். அடுத்து அதே கணக்கை, அதே 0.1 ஸ்டெப்பில், ஒவ்வொரு ஸ்டெப்பிலும் சரிவை நான்கு தடவை கணக்கிடும் நான்காம் வரிசை ருங்கே–குட்டாவில் போடச் சொல்லுங்கள். 2.7182797 வரும். பிழை பத்து லட்சத்தில் இரண்டுதான். அங்கே ஸ்டெப்பைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஸ்டெப் குறையும்போது பிழை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதுதான் முறையின் வரிசை என்று அதற்கப்புறம் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஒரே ஒரு ஸ்டெப்பில் போட்டு வந்ததை விடை என்று எழுதாதீர்கள். பாதியாக்கி இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

கே (அரியர் எழுதும் மாணவி): எக்ஸ் = காஸ் எக்ஸ் கணக்கில் எனக்கு 0.99985 வருது சார். புத்தகத்தில் 0.73909. எத்தனை தடவை போட்டாலும் அதேதான்.

ப: கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதும்மா, ரேடியனுக்கு மாற்று. டிகிரியில் பார்த்தால் 0.99985-ம் சரியான தீர்வுதான். அதனால்தான் அழகாக ஒருங்கி நின்று உன்னை நம்பவைக்கிறது. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் முதல் வேலை ரேடியன்.

கே: சமன்பாட்டுக்குத் தீர்வு காணும் பைசெக்ஷன், ரெகுலா ஃபால்சி, நியூட்டன் முறைகள், இதில் எது எக்ஸாமுக்கு வரும்?

ப: பழைய வினாத்தாள்களைப் பாருங்கள்.

கே (எம்.ஈ. மாணவர்): வேதிவினை வேகச் சமன்பாடுகளைப் பைத்தானில் இதற்கென்றே இருக்கும் சால்வ்-ஐவிபி கட்டளையை வைத்துத் தீர்க்கிறேன். ஒரு மணி நேரமாக ஓடுகிறது. அதிலுள்ள ஆர்கே45 (ருங்கே–குட்டா வகை) நல்ல முறைதானே?

ப: நல்ல முறைதான், இந்தக் கணக்குக்கு ஆகாது. உங்கள் சமன்பாடு ஸ்டிஃப், அதாவது விடையின் ஒரு பகுதி மிக வேகமாக அடங்குவதால், மிகச் சின்ன ஸ்டெப் வைத்தால்தான் சாதாரண முறைகள் வெடிக்காது. சின்ன உதாரணம்: டிஒய்/டிஎக்ஸ் = −50ஒய், தொடக்கம் 1. எக்ஸ் 0.1 ஆவதற்குள் உண்மையான விடை 0.0067-க்கு இறங்கிவிடுகிறது. 0.1 ஸ்டெப்பில் ஆய்லர் தருவது 1, −4, 16, −64. வரிசை உயர்ந்த முறை காப்பாற்றும் என்று நினைத்து ருங்கே–குட்டா போட்டால், ஒவ்வொரு ஸ்டெப்பிலும் விடை 13.7 மடங்கு பெருகும். வெடிக்காமல் இருக்க ஆய்லருக்கு ஸ்டெப் 0.04-க்குக் கீழே, ருங்கே–குட்டாவுக்குச் சுமார் 0.055-க்குக் கீழே இருக்க வேண்டும். ஸ்டெப்பின் முடிவிலுள்ள சரிவை எடுக்கும் பின்னோக்கிய ஆய்லரோ, அதே 0.1-ல் ஸ்டெப்புக்கு ஆறில் ஒரு பங்காக அடங்கி இறங்குகிறது. 1952-லேயே கர்ட்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் இப்படிப்பட்ட சமன்பாடுகளுக்கு வழி காட்டிவிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் பிடிஎஃப் என்ற முறை. மெத்தட் என்ற இடத்தில் பிடிஎஃப் அல்லது ஸ்டிஃப் கணக்குக்கே ஏற்ற இன்னொரு முறையான ராடாவ் என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

கே: முந்தைய ஸ்டெப்களின் மதிப்புகளிலிருந்து அடுத்ததை முதலில் ஊகித்து, பிறகு திருத்திச் சூத்திரத்தால் சரிசெய்கிற மில்ன், ஆடம்ஸ் முறைகள் இரண்டையும் நடத்த நேரமில்லை. எதை விடலாம்?

ப: மில்னை விடுங்கள். என்னைக் கேட்டால் அதைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

கே (மூத்த பேராசிரியர்): இதை நான் ஏற்கவில்லை. மில்ன் திருத்திச் சூத்திரத்தின் பிழைக் கெழு 1/90, ஆடம்ஸ் முறையின் திருத்தியான ஆடம்ஸ்–மோல்டனுடையது 19/720. பாதிக்கும் குறைவு! கையால் போடவும் சுலபம்.

ப: ஐயா, அந்த எண்கள் சரி. ஆனால் அது ஒரு ஸ்டெப்பின் பிழை. டிஒய்/டிஎக்ஸ் = −ஒய் எடுத்து, ஸ்டெப் 0.1 வைத்து, திருத்தியை முழுதாகத் தீர்த்துக்கொண்டே போங்கள். இரண்டு ஸ்டெப் பின்னால் போய் மதிப்பெடுக்கிற சூத்திரம் என்பதால், சமன்பாட்டில் இல்லாத இன்னொரு மூலம், அதாவது ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பிழையைப் பெருக்கும் ஒரு எண், உள்ளே வந்துவிடுகிறது. அதன் மதிப்பு ஏறக்குறைய −1.034. கடைசித் தசமத்தில் வெட்டியெறிந்த பிழைகூட குறி மாறி மாறி வளர்ந்து, 200 ஸ்டெப்பில் சுமார் 780 மடங்காகும். அந்த இடத்தில் உண்மையான விடை ஏறக்குறைய 50 கோடியில் ஒரு பங்கு. கணிதவியலர் ஹாம்மிங் 1959-ல், பிழை இப்படி வளராத நிலையான திருத்தியைத் தேடிப்போனது இதற்காகத்தான்.

கே: வகைக்கெழு சைன் எக்ஸ் கூட்டல் ஒய். டெய்லர் தொடரில் விடை ஒத்துப்போகல.

ப: ரேடியன். மேலே எழுதியிருக்கிறேன்.

கே (மூத்த பேராசிரியர்): அப்படியானால் மில்ன் தோற்பதையே நடத்தலாமே. நிலைத்தன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது?

ப: முழு மனதோடு ஏற்கிறேன். அப்படி நடத்துகிற ஆசிரியர் கையில் மில்ன் இருக்கட்டும். நான் எதிர்ப்பது, நான்கு மதிப்புகளைக் கொடுத்து "ஒய்(0.4) காண்க" என்று 13 மார்க்குக்குக் கேட்டு முடித்துவிடுவதை. ஒரே ஸ்டெப்பில் மில்னின் இந்தத் தோல்வி வெளியே தெரியாது. அதற்கு விடை எழுதிய மாணவி நாளைக்கு ஆயிரம் ஸ்டெப் ஓட்டும்போது, சமன்பாடு ஆடுகிறதா சூத்திரம் ஆடுகிறதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கே: மில்ன் பிரடிக்டர் (ஊகிக்கிற) ஃபார்முலா ஈசியா ஞாபகம் வெச்சுக்க வழி?

ப: எழுதி எழுதிப் பழகு தம்பி.

கே (புது விரிவுரையாளர்): கடைசியாக ஒன்று சார். வேறு மாதிரிக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் இன்டர்னலில் என்ன கேட்கலாம்?

ப: கணக்குப் போடச் சொல்லாதீர்கள். ஒரே சமன்பாட்டுக்கு 0.2, 0.1, 0.05 ஸ்டெப்பில் வந்த விடைகளை அச்சடித்துக் கொடுங்கள். முறை எந்த வரிசை, எத்தனை தசமம் வரை நம்பலாம், ஏன் என்று கேளுங்கள். கால்குலேட்டரில் நான்கு வரி வேலைதான். திருத்தும்போது அந்த "ஏன்" பகுதிக்குப் பாதி மார்க் வையுங்கள்.