விதைநெல்லைக் கொடுத்து வாங்க வேண்டாம்

கேள்வி: கிளீவ்லாந்து அருகே பல ஆண்டுகளாக வாழ்கிறேன். நானும் என் மகனும் அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸின் ரசிகர்கள். கல்லூரியில் ஓராண்டு மட்டுமே முழுமையாக ஆடிய ஓர் இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரை), கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுக்க வேண்டும் என்கிறான் மகன். அந்த இளைஞனுக்குக் கைவலிமை அபாரம். ஆனால் எறியும் பந்துகளில் பாதிக்குச் சற்று மேல்தான் சக வீரரின் கையில் சேர்கின்றன. அவனை விட்டுவிட்டு, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசைக்கு நல்ல ஆளை எடுக்கலாம் என்பது என் எண்ணம். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. 1999இல் மீண்டும் களத்துக்கு வந்த பிறகு உங்கள் அணி முதல் சுற்றில் எடுத்த குவார்ட்டர்பேக்குகளை வரிசையாகச் சொன்னாலே, டிம் கவுச், பிரேடி குவின், பிராண்டன் வீடன், ஜானி மான்செல், பேக்கர் மேஃபீல்ட் என ஒரு தலைமுறையின் ஏமாற்றம் கண்முன் வந்துவிடும். ஆயினும் நான் உங்கள் மகனின் பக்கமே நிற்கிறேன். ஆனால், அந்த இளைஞனை எந்த விலைக்கு எடுக்கிறார்கள், எடுத்த பின் எப்படி வளர்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் என் ஆதரவு நிற்கும்.

இதற்கு மிகப் பொருத்தமான சான்று 2018ஆம் ஆண்டு டிராஃப்ட். அவ்வாண்டு பஃபலோ பில்ஸ் அணி ஏழாவது இடத்தில் ஜாஷ் ஆலனை எடுத்தபோது எழுந்த எதிர்ப்பு சிறிதல்ல. வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர் எறிந்த நூறு பந்துகளில் சுமார் 56 மட்டுமே இலக்கைச் சேர்ந்திருந்தன. தொழில்முறை ஆட்டத்தின் முதல் பருவத்தில் அந்த விகிதம் 52.8 ஆக இன்னும் இறங்கியது. மறு ஆண்டு 58.8. அதற்கடுத்த 2020இல் 69.2. பின்னர் 2024ஆம் பருவத்தின் மிகச்சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடி வந்தது.

இந்த ஏற்றம் தானாக நிகழ்ந்துவிடவில்லை. ஆலனின் முதல் நான்கு பருவங்களிலும் தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மாட்டும், தாக்குதல் ஆட்டத்தை வகுத்த பிரையன் டேபாலும் மாறவே இல்லை. 2019இல் தடுப்பு வரிசைக்கு மிட்ச் மோர்சையும், பந்தைப் பிடிக்க ஜான் பிரவுன், கோல் பீஸ்லி ஆகியோரையும் அணி சேர்த்தது. 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார். இவ்வளவுக்கும் மேலாக, ஆலனுக்காக டிராஃப்ட் வரிசையில் முன்னேற, முந்தைய இடங்களை வைத்திருந்த அணிகளுக்கு பில்ஸ் கொடுத்தவற்றில் அடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்பு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்ட முடிந்தது.

அதே 2018இல் முதல் ஆளாக உங்கள் அணி எடுத்த மேஃபீல்டின் கதையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். முதல் பருவத்தின் நடுவிலேயே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டு இடைக்காலத்துக்கு ஒருவர் வந்தார். மறு ஆண்டு வந்த புதியவரும் ஒரே பருவத்தில் வெளியேற, 2020இல் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி வந்தார். மூன்று பருவங்களில் நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். ஒவ்வொருவரும் புதிய ஆட்டமுறையைக் கற்பித்தால், எதிரணியின் தற்காப்பை ஒரு நொடியில் படித்து முடிவெடுக்க வேண்டிய இளைஞன் என்றைக்குத்தான் தேர்ச்சி பெறுவான்? இத்தனைக்குப் பிறகும் அவர் 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கைத் தோற்கடித்து, உங்கள் ஊர் கால் நூற்றாண்டாகக் காத்திருந்த பிளே-ஆஃப் (பருவ இறுதி வெளியேற்றச் சுற்று) வெற்றியைத் தந்தார். அணியால் கைவிடப்பட்ட அவர் பின்னர் டாம்பா பேயை 2023, 2024 ஆகிய இரு பருவங்களிலும் அதன் பிரிவில் முதலிடத்துக்கு நடத்திச் சென்றதைப் பார்க்கும்போது, தவறு எடுத்ததில் இல்லை, வளர்த்ததில்தான் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பொறுமை இருந்தால் எவரும் ஆலன் ஆகிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கல்லூரியில் 13 ஆட்டங்களில் மட்டுமே தொடக்க வீரராக ஆடியிருந்த ஆன்டனி ரிச்சர்ட்சனை இண்டியானாபோலிஸ் அணி 2023இல் நான்காவதாக எடுத்தது. பயிற்சியாளர் மாறவில்லை. ஆனால் முதல் ஆண்டைத் தோள் காயம் விழுங்கியது. இரண்டாம் ஆண்டில் அவர் எறிந்தவற்றில் 47.7 விழுக்காடே இலக்கைச் சேர்ந்தன. துல்லியத்தைக் கற்பிப்பது கடினம். ஆலன் விதிவிலக்கு என்பதை உங்கள் மகனும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை நான் சற்றும் இளகமாட்டேன். 2011க்குப் பிறகு புதுமுகங்களின் ஊதியம் வரையறுக்கப்பட்டுவிட்டது. 2010இல் புதுமுகமான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டது போன்ற சுமை இன்று இல்லை. எனவே இன்றைய உண்மையான விலை எதிர்கால டிராஃப்ட் வாய்ப்புகள்தாம். அவை அணியின் விதைநெல். சான் பிரான்சிஸ்கோ அணி 2021இல் 12ஆம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு நகர்ந்து டிரே லான்ஸை எடுப்பதற்காக, கையிலிருந்த 12ஆம் இடத்தோடு அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்தது. அவர் அந்த அணிக்காகத் தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்கள் நான்கே. 2023இல் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு அவர் டல்லாஸுக்குக் கைமாறினார். 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு குவார்ட்டர்பேக் பிராக் பர்டி அந்த அணியைக் காப்பாற்றியது அதன் நல்லூழ். அதை நம்பி எவரும் திட்டம் போட முடியாது.

ஆகவே, அந்த இளைஞன் உங்கள் அணியின் முறை வரும்வரை எடுக்கப்படாமல் இருந்தால் எடுக்கட்டும். அவனுக்காக அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பை விற்க வேண்டியிருந்தால், நீங்கள் சொல்வதுபோலத் தடுப்பு வரிசைக்கே ஆள் எடுக்கட்டும். எடுத்தால், முதல் ஆண்டு அனுபவசாலி ஒருவரின் பின்னால் மாற்று வீரராக அவனை அமர்த்துவது நல்லது. கன்சாஸ் சிட்டி 2017இல் பத்தாவதாக எடுத்த பேட்ரிக் மஹோம்ஸ், அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் ஏறத்தாழ அந்தப் பருவம் முழுவதும் அமர்ந்துதான் கற்றார்.

டிராஃப்டுக்கு முன் பரவும் பயிற்சிக் காணொளிகளை உங்கள் மகன் காட்டினால், அவற்றை ஒதுக்கிவிட்டுக் கல்லூரி ஆட்டங்களை இருவரும் சேர்ந்து பாருங்கள். துரத்த ஆளில்லாத மைதானத்தில் அறுபது கெஜம் எறிவது யாரையும் மயக்கும். தடுப்பு உடைந்து எதிரணி பாய்ந்து வரும்போது அவன் கண்கள் களத்தில் இருக்கின்றனவா அல்லது பாய்ந்து வருபவர்கள்மீது தாவுகின்றனவா என்று கவனியுங்கள். முதலில் பார்த்த ஆள் மறிக்கப்பட்டதும் இரண்டாமவரைத் தேடுகிறானா, உடனே ஓடத் தொடங்குகிறானா என்றும் பாருங்கள். நான்கைந்து ஆட்டங்களுக்குப் பின் நீங்கள் இருவரும் என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள், ஆவலோடு காத்திருப்பேன்.