பின் இருக்கையின் தையல்

அன்புள்ள ஐயா,

பெற்றோல் நிலையத்து இரவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பாவும் 1979இல் லண்டனுக்கு வந்து அதே வேலைதான் செய்தவர். போன வருடம் காலமானார். அவருடைய படங்களுக்குள் ஒன்றில், மஞ்சள் நிற ஃபோர்ட் எஸ்கோர்ட் ஒன்றில் சாய்ந்து நிற்கிறார். சரிந்த மூக்கு, நான்கு வட்ட விளக்குகள். விசாரித்தபோது ஆர்.எஸ். 2000 என்றார்கள். இலக்கத் தகட்டின் கடைசி எழுத்துகளை அப்பாவின் கால் மறைக்கிறது. அம்மாவுக்குக் கார் பற்றி எதுவும் தெரியாது, அதனால் கேட்கவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன்.

அப்படி ஒரு கார் வாங்க ஆசை. ஆனால் விலை தலையைச் சுற்ற வைக்கிறது. அக்காலத்தில் அதற்குப் போட்டியாக இருந்த டிரையம்ஃப் டொலமைட் ஸ்பிரின்ற் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? இதை ஒரு முதலீடாகவும் பார்க்கலாமா? இன்றைய கார்கள் போலல்லாமல், அவை ஆங்கிலேயத் தொழிலாளிகள் தங்கள் கையால் அன்போடு செய்தவை அல்லவா?

சு., லெஸ்டர்

அன்புள்ள தம்பி,

உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நிற்கிற விதத்தைக் கவனித்தீர்களா? சாய்ந்து நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சாயவில்லை. முதுகு காரில் பட்டும் படாமலும் நிற்கிறார், பாரம் முழுவதும் காலில் இருக்கிறது. மெழுகு போட்டுத் தேய்த்த கார் அது. கால்சட்டையின் பின் பைப் பொத்தான் பெயின்ற்றைக் கீறிவிடும் என்ற பயம். எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும்.

முதலீட்டுக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அப்பாவின் நினைவுக்கு ஒரு கார் வாங்குகிற பிள்ளை அது எத்தனை வீதம் ஏறும் என்று கேட்கக் கூடாது. இனிமேல் யாரிடமும் கேட்காதீர்கள்.

1977 தொடக்கம் மூன்று வருடம், ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். பகலில் கணக்கியல் வகுப்பு. கண்ணாடிக் கூண்டுக்குள் புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். தலை நிமிராமலே வருவது எந்தக் கார் என்று சொல்லிவிடலாம். எஸ்கோர்ட்டின் இரண்டு லீற்றர் எஞ்சினுக்கு ஒரு கரகரப்பு உண்டு. மூன்று லீற்றர் கப்ரி ஆழமாக உறுமிக்கொண்டு வரும். டொலமைட் ஸ்பிரின்ற் மென்மையாக வந்து நிற்கும், அவெஞ்சர் ஜி.ரி. தட்டிக்கொண்டு வரும். எல்லாரும் கேட்பது நான்கு நட்சத்திரப் பெற்றோல். ஐந்து பவுணுக்கு அடித்துவிட்டு, சில்லறையைக் கூண்டுத் துளைக்குள் தள்ளிவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் என் வயதுப் பெடியள். கைகளில் கிறீஸ் இருக்கும். டகன்ஹாம் ஃபோர்ட் ஆலையில் வேலை செய்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

அந்தக் கார்களின் மகத்துவம் இதில்தான் இருந்தது. ஒரு குமாஸ்தா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற அதே உடல். அதே கதவு, அதே கைப்பிடி. உள்ளே மட்டும் நல்லதொரு எஞ்சின். 1964இல் பந்தய வீரர் ஜிம் கிளார்க், ஃபோர்ட்டின் குடும்பக் காரான கோர்ட்டினாவின் வேக வகையான லோட்டஸ் கோர்ட்டினாவில் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை வென்றபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டு வாசலிலும் ஒரு கோர்ட்டினா நின்றிருக்கும். 1972 முதல் 1979 வரை எட்டு வருடம் தொடர்ந்து பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ரலி என்ற கார்ப் பந்தயத்தை எஸ்கோர்ட்தான் வென்றது. 1970இல் லண்டனிலிருந்து மெக்சிகோ வரை நடந்த ரலியை ஹன்னு மிக்கோலா எஸ்கோர்ட்டில் வென்ற பிறகு மெக்சிகோ என்ற பெயரிலேயே ஓர் எஸ்கோர்ட் வந்தது. சேற்றுக்குள் பாய்கிற அந்த உருவமும் பக்கத்து வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை கழுவுகிற உருவமும் ஒன்று. இதைப் பற்றி இரவு முழுக்க என்னால் கதைக்க முடியும்.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி என்னைக் குழப்பிவிட்டது. ஆங்கிலேயத் தொழிலாளிகள் கையால் அன்போடு செய்த கார். யார் சொன்னது, தம்பி?

முதலில், உங்கள் அப்பாவின் கார் இங்கிலாந்தில் செய்யப்பட்டதே அல்ல. நான்கு விளக்கு ஆர்.எஸ். 2000 ஜெர்மனியில் சார்லூயி என்ற ஊரிலுள்ள ஃபோர்ட் ஆலையிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய எஸ்கோர்ட்டின் ஆர்.எஸ். வகைகளைத்தான் எசெக்ஸில் ஏவ்லி என்ற இடத்தில் ஒரு சிறு ஆலை செய்தது. 1970இல் தொடங்கியது, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மூடிவிட்டார்கள். அங்கே கை வேலை கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அசெம்பிளி லைன். லைன் நகரும், உங்களுக்கென்று எண்ணிக் கொடுத்த நேரத்துக்குள் உங்கள் நான்கு போல்ட்டையும் முறுக்க வேண்டும். மூத்திரம் போக வேண்டுமென்றால் உங்கள் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்க வேண்டும். ஆங்கிலேயத் தொழிலாளிகள் என்கிறீர்களே, டகன்ஹாமில் கரிபியரும் பஞ்சாபியரும் எத்தனை பேர் நின்றார்கள் என்று தெரியுமா? 1978இல் ஃபோர்ட் தொழிலாளர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் ஐந்து வீதத்துக்கு மேல் சம்பளம் கூட்டக் கூடாது என்றது. அவர்கள் 17 வீதம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். என் கூண்டுக்கு வருகிற பெடியள் அந்த இலையுதிர் காலத்தில் ஐந்து பவுணுக்கு அடிக்கவில்லை. ஒரு பவுணுக்கு அடித்தார்கள், சில நாள் அதுவும் இல்லை. இதையெல்லாம் 'அன்போடு' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடாதீர்கள்.

இது ஒரு மாதமாக என் மனதில் கிடந்த விஷயம். போன மாதம் எசெக்ஸில் பழைய ஃபோர்ட் கார்கள் கூடுகிற ஒரு திடலுக்குப் போயிருந்தேன். அறுபது எழுபது கார்கள். எல்லாவற்றுக்கும் எஞ்சின் மூடி திறந்திருந்தது. ஆண்கள் குனிந்து நிற்கிறார்கள். வெபர் காபரேற்றர், கேம்ஷாஃப்ட், எத்தனை குதிரைவலு. நானும் குனிந்துதான் நின்றேன். திரும்பி வரும்போது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு வைனில் உறை போட்ட பின் இருக்கை ஒன்று சாய்த்துக் கிடந்தது. யாரோ புது ரேஸ் இருக்கை போட்டுவிட்டுப் பழையதை எறிந்திருக்கிறார். நான் பக்கத்தில் போய்த் தையலைத் தடவிப் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

1979இல் நான் வாங்கியது பத்து வயதான ஒரு கோர்ட்டினா 1600ஈ. லோட்டஸ் கோர்ட்டினாவின் தாழ்ந்த சஸ்பென்ஷன், ஜி.ரி. எஞ்சின், மரப் பலகை போட்ட டாஷ்போர்ட், முன்னால் இரண்டு மேலதிக விளக்குகள். 325 பவுண். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசில் இரண்டு மாதம் பிந்தினேன், அம்மாவுக்குப் பொய் எழுதினேன். விற்றவர் முன் மட்கார்ட்டின் மேல்பகுதியில் துருவை நிரப்பு மாவால் அடைத்து, பெயின்ற் அடித்துத் தந்திருந்தார் என்பது எம்.ஓ.டி. என்ற வருடாந்த வாகனப் பரிசோதனைக்கு முதல் தடவை போனபோது தெரிந்தது. பரிசோதகர் மூடியைத் திறந்து, சஸ்பென்ஷன் தூண் மேலே வந்து பிடிக்கிற இடத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து மெல்ல அழுத்தினார். அது பிடிவரை இறங்கியது. நீங்கள் எந்தப் பழைய ஃபோர்ட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் அந்த இடத்தில் கை வையுங்கள், பிறகு விலை கேளுங்கள். இரும்புத் தகடு ஒட்டிக் காய்ச்சிக் கொடுத்ததில் ஒரு மாதச் சம்பளம் போனது. அப்புறமும் அந்தக் காரை நேசித்தேன். மூன்றாவது கியரில் அது மேட்டில் ஏறுகிற சுகம் இன்னும் வலது காலில் இருக்கிறது.

1981இல் ஒரு மழை நாள். இரண்டு வீடு தள்ளி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக இருந்தார். காலில் மாக்கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் தரிப்பில் ஊன்றுகோலோடு நின்றவரை ஏற்றிக்கொண்டேன். முன்னால் கால் நீட்ட முடியாது, பின்னால் குறுக்காக இருத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். இருக்கையின் விளிம்பில் வைனிலுக்குள் நாடா வைத்துத் தைத்திருக்கிற மடிப்பில் பெருவிரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போகிறார். மூலையில் தையல் வளைகிற இடத்தில் விரல் நின்றது.

"எந்த வருடத்துக் கார்?" என்று கேட்டார்.

"அறுபத்தொன்பது" என்றேன்.

"அப்படியென்றால் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. இது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தையல்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். டகன்ஹாமில் இருக்கை உறை தைத்த 187 பெண்களில் அவரும் ஒருவர். வேலைக்குச் சேர மெஷினில் தைத்துக் காட்டித் தேற வேண்டும். ஆனால் 1968இல் வேலைகளைத் தரம் பிரித்தபோது அவர்களைத் திறன் குறைந்த 'பி' தரத்தில் போட்டார்கள். அந்த 'பி' தரத்திலும் ஆணுக்குக் கிடைப்பதில் 85 வீதம்தான் பெண்ணுக்கு. ஜூன் 7ஆம் திகதி மெஷின்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். ஹேல்வுட்டிலிருந்த ஃபோர்ட் ஆலைத் தையல்காரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இருப்பிலிருந்த உறை தீர்ந்ததும் கார்கள் இருக்கை இல்லாமல் நின்றன, ஆலை நின்றது. மூன்று வாரம். அமைச்சர் பார்பரா காஸில் அவர்களைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பேசினார். ஆண் கூலியில் 92 வீதம் என்று முடிந்தது. அந்தத் தொண்ணூற்றிரண்டைத்தான் சொன்னார். 1970இல் சம ஊதியச் சட்டம் வந்ததற்கு இந்த மூன்று வாரமும் ஒரு காரணம். ஆனால் அவர்கள் கேட்டது அதற்கு மேலான 'சி' தரம். "அதை இன்னும் தரவில்லை" என்றார். அது 1984இல், மறுபடியும் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கிடைத்தது. அதற்கு முந்திய வருடமே என் கோர்ட்டினா துருப்பிடித்து இரும்புக்குப் போய்விட்டது.

இறங்கும்போது அவர் மூலைத் தையலை மறுபடி காட்டினார். நேராகத் தைப்பது எவருக்கும் வரும். மூலையில் ஊசியை நிறுத்தாமல், வைனில் சுருங்காமல், உள்ளே இருக்கிற நாடா முறுகாமல் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மூலை என்று அவர் எண்ணவில்லை. இரண்டு வருடமாக நான் அதன் மேல் புத்தகப் பையை எறிந்துகொண்டிருந்தேன். அன்று இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. காரில் துருப்பிடிக்காத ஒரே பகுதி அது.

அந்தத் திடலில் அன்று இதைச் சொன்னேன். இரண்டு பேர் நின்று கேட்டார்கள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி எஞ்சினுக்குள் குனிந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆண்களின் கார் நினைவுகளில் பெண்கள் ஏறுவதே இல்லை. தைத்தவள் இல்லை, பின்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் இல்லை, காப்புறுதிக் காசைச் சேர்த்துக் கட்டியவள் இல்லை. கேம்ஷாஃப்ட் மட்டும் இருக்கிறது.

சரி, டொலமைட் ஸ்பிரின்ற். 1998 சி.சி., நான்கு சிலிண்டருக்கு 16 வால்வு, ஒரே கேம்ஷாஃப்ட்டில். 1973இல் ஒரு குடும்பக் காரில் அப்படி ஒன்று பெரிய விஷயம். 127 குதிரைவலு, உங்கள் அப்பாவின் எஸ்கோர்ட்டுக்கு 110தான். அன்டி ரவுஸ் 1975இல் அதில் சலூன் கார் பட்டம் வென்றார். உள்ளே இருக்க வடிவான கார். ஆனால் சூடேறினால் சிலிண்டர் தலை வளைந்துவிடும், கழற்றப் போனால் அதைப் பிடிக்கிற ஆணிகள் இறுகிப்போய் வராது. எஸ்கோர்ட்டை எந்த ஊரிலும் எந்தக் கராஜிலும் ஒரு பெடியன் திருத்துவான். அக்கம்பக்கத்தில் நல்ல டிரையம்ஃப் மெக்கானிக் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ஆனால் டொலமைட் உங்கள் அப்பாவின் கார் ஆகாது, அது உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, அந்தப் படம். கீழ் விளிம்பில் புல்லின் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது, பார்த்தீர்களா? படம் எடுத்தவருடைய நிழல். மேலே ஒடுக்கம், கீழே அகலம். கோட்டுக்குக் கீழே சேலை. அம்மாவுக்குக் கார் பற்றி எதுவும் தெரியாது என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்தக் காரில் எத்தனை வருடம் போயிருப்பார்? குளிரில் அது ஸ்டார்ட் ஆகாமல் நின்ற காலைகள் எத்தனை? இன்றைக்கே போய் அவர் பக்கத்தில் இருந்து, படத்தைக் கையில் கொடுத்து, அப்பாவின் காலுக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகள் என்ன என்று கேளுங்கள். முழு இலக்கமும் இருந்தால் அரசாங்க வாகனப் பதிவுத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கார் இன்னும் ஓடுகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.