நர்சிங் முதல் செமஸ்டர்: ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ தேவையா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். கவுன்சலிங் மூலம் ஒரு தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், அனாட்டமியில் (உடற்கூறியல்) முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த மையத்தில் 45 நாள் ‘நர்சிங் பிரிட்ஜ் கோர்ஸ்’ (கல்லூரிப் பாடத்துக்குத் தயார்செய்யும் வகுப்பு) 18,000 ரூபாயாம். புத்தகம், ஸ்டெதஸ்கோப், பி.பி. கருவி அதில் அடக்கம். கல்லூரி திறந்த பிறகும் இரண்டு வாரம் வகுப்பு தொடருமாம். அந்த நாட்களுக்கான கல்லூரி வருகைப்பதிவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அசல் மதிப்பெண் பட்டியலையும் கேட்கிறார். சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சேர்க்க வேண்டாம். அசல் மதிப்பெண் பட்டியலை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் போய் அதை வாங்கி வாருங்கள்.

நர்சிங் மாணவிகளுக்குப் பல வருடம் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மகளைப் போன்ற தமிழ்வழிப் பிள்ளைகள் முதல் இரண்டு மாதம் திணறுவார்கள். அதை மறைக்க மாட்டேன். ஆனால் முதல் செமஸ்டரில் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பயத்தை மட்டும் விற்றிருக்கிறார்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அரசிதழில் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தின்படி படிப்பு எட்டு செமஸ்டர். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், அனாட்டமி, பிசியாலஜி (உடலியங்கியல்), சமூகவியல், உளவியல், நர்சிங் ஃபவுண்டேஷன் (நர்சிங் அடிப்படைகள்) ஆகிய ஆறு பாடங்கள். ஆறு என்றதும் மலைக்க வேண்டாம். பல்கலைக்கழகம் நடத்தும் தேர்வுத்தாள் இரண்டுதான். அனாட்டமிக்கும் பிசியாலஜிக்கும் சேர்த்து ஒரு தாள், சமூகவியலுக்கும் உளவியலுக்கும் சேர்த்து ஒரு தாள். ஒவ்வொன்றும் 75 மதிப்பெண், அகமதிப்பீடு (கல்லூரியே போடும் மதிப்பெண்) 25. நர்சிங் ஃபவுண்டேஷனுக்கு இந்த முறை கல்லூரி அளவில்தான் தேர்வு. அந்த மதிப்பெண்ணை அடுத்த செமஸ்டரின் அகமதிப்பீட்டோடு சேர்ப்பார்கள். நீங்கள் பயப்படும் ஆங்கிலத்துக்கும் கல்லூரிதான் தேர்வு வைக்கிறது. மற்ற பாடங்களுக்குத் தேர்ச்சி 50 சதவீதம், ஆங்கிலத்துக்கு 40.

ஆகவே உங்கள் மகள் கவனம் வைக்க வேண்டிய இடம் அனாட்டமி-பிசியாலஜி தாள். 75-இல் அனாட்டமிக்கு 37, பிசியாலஜிக்கு 38. ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதைக் கைவிட்டால் கரையேற முடியாது. படம் வரைந்து மனப்பாடம் செய்யலாம் என்று அனாட்டமியிலேயே மூழ்கிவிட்டு, பிசியாலஜியைக் கடைசி வாரத்தில் புரட்டும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள்.

இதற்கு 18,000 ரூபாய் மையம் என்ன செய்யும்? உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் படித்த விலங்கியல் புத்தகத்தை எடுங்கள். செரித்தல், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம், எலும்பும் தசையும், நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே புத்தகத்தின் ஆங்கிலவழிப் பதிப்பைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில் 8 எலும்பு, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக ஒரு கைக்கு 27 என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கார்ப்பல்ஸ், மெட்டாகார்ப்பல்ஸ், ஃபேலஞ்சஸ் என்று பிழையில்லாமல் ஆங்கிலத்தில் எழுதப் பழகுவதுதான் பாக்கி. தன் கையையே நோட்டில் வைத்து, சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே எலும்புகளை வரைந்து பெயர் எழுதட்டும். மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல் மீண்டும் வரையட்டும். கல்லூரி திறப்பதற்குள் இப்படி எலும்பு மண்டலமும் இதயமும் கைவசம் ஆனால் போதும்.

அந்த ஊர்க்காரர் சொன்னதில் என்னை மிகவும் கோபப்படுத்தியது வருகைப்பதிவைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற வாக்குத்தான். ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. செய்முறைப் பயிற்சிக்கோ 100 சதவீதம். பட்டம் வாங்குவதற்குள் விடுபட்ட ஒவ்வொரு நாளையும் ஈடுசெய்தே ஆக வேண்டும். செமஸ்டரே 20 வாரம்தான். அதில் முதல் இரண்டு வாரத்தைத் தொலைப்பது என்றால், ஆசிரியர் சொற்களை அறிமுகப்படுத்தும் வகுப்புகளையே தொலைப்பது. ஆங்கிலத்துக்குப் பயந்து சேர்க்கும் கோர்ஸ், அந்தப் பயம் தீர வேண்டிய வகுப்புகளையே பறித்துக்கொள்கிறது.

இந்த ஆங்கிலப் பயத்தைப் போக்குவது கல்லூரிகள் செய்ய வேண்டிய வேலை. தமிழ்வழிப் பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்தும், முதல் இரண்டு வாரம் மொழிப் பயிற்சிக்கு ஒதுக்கக் கூடாதா? கவுன்சலிங் பல நேரம் குறித்த காலத்தில் முடிவதில்லை. கடைசிச் சுற்றில் வரும் பிள்ளை, பாதிப் பாடம் முடிந்த வகுப்பில் வந்து உட்காருகிறாள். அவளுக்கும் அதே தேர்வு, அதே தேதி. இந்த ஓட்டையை நாம் அடைக்காமல் விடுவதால்தான் ஏஜெண்டுகள் உள்ளே நுழைகிறார்கள்.

அசல் சான்றிதழ் விஷயத்தில் உறுதியாக இருங்கள். சேர்க்கையின்போது கல்லூரி சரிபார்த்துக்கொள்ளும். அதைத் தவிர யாருக்கும், எதற்காகவும் அசலைக் கொடுக்கக் கூடாது. கல்விச் சான்றிதழைப் பணத்துக்காகப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இன்று மதிப்பெண் பட்டியலைக் கேட்பவர், நாளை “ஜெர்மனியில் வேலை, இப்போதே முன்பணம் கட்டுங்கள்” என்று வருவார். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலை (இடைநிலையில் மேல்படி) தேவை; முதலாம் ஆண்டு மாணவியிடம் அதற்குப் பணம் வாங்குவது பகல் கொள்ளை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த ஏஜெண்டும் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜி.எஸ்.டி.க்கும் மேல் கட்டணம் வாங்கக் கூடாது. தமிழக அரசுக்கே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. அந்தப் பேச்சை நான்காம் ஆண்டில் அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு உதவும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் உங்கள் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். கல்லூரியில் அதற்கென்று பொறுப்பாளர் இருப்பார். சேர்ந்த வாரமே கேளுங்கள். விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சேரும் முன் எதற்கும் பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி. வார்டுக்குப் போகும் பிள்ளைக்கு ஊசி குத்திவிடும் ஆபத்து முதல் ஆண்டிலேயே தொடங்குகிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை. ஊசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். இன்று தொடங்கினாலும் முடிய அரை ஆண்டு ஆகும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். இரண்டாவது தவணை தள்ளிப்போனால் மறுபடி முதலிலிருந்து போடத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றாவது ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து, உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அளவு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் போதும். குழந்தையாக இருக்கும்போதே எல்லாத் தவணையும் போட்டதற்குத் தடுப்பூசி அட்டையில் பதிவு இருந்தால், முதலில் அந்தப் பரிசோதனையை மட்டும் செய்யுங்கள். 10-க்குக் கீழே வந்தால் ஒரு ஊசி போட்டு, மீண்டும் பரிசோதிக்கச் சொல்வார்கள். அட்டை தொலைந்துவிட்டதா, சரியாக நினைவில்லையா, போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மூன்றையும் போட்டுவிடுங்கள். கல்லூரி போடும் என்று காத்திருக்க வேண்டாம். போடும் கல்லூரிகள் உண்டு. மூன்றாம் தவணையை மறந்துவிடும் கல்லூரிகளும் உண்டு. போட்ட தேதிகளை எழுதி மருத்துவரின் கையெழுத்து வாங்கி, மகளின் கையிலேயே ஒரு நகல் இருக்கட்டும்.

ஸ்டெதஸ்கோப்பும் பி.பி. கருவியும் கல்லூரி ஆய்வகத்திலேயே இருக்கும். சொந்தமாக வாங்க வேண்டியிருந்தால் ஆசிரியரே எது என்று சொல்வார். புத்தகமும் அப்படித்தான், எந்த ஆசிரியர் எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துகிறார் என்று தெரிந்த பிறகு, சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கலாம். இப்போது வாங்க வேண்டியது நொடி முள் உள்ள ஒரு சாதாரணக் கைக்கடிகாரம். அதைக் கட்டிக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் நாடி பார்க்கப் பழகட்டும்: கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் நடு மூன்று விரல்களை வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதன் சொந்தத் துடிப்பு கணக்கைக் குழப்பிவிடும். எண்ணியதைத் தேதி, நேரத்தோடு ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதிவரட்டும்.