10,000 ஸ்டெப் நடந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. சில வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். தினமும் 10,000 ஸ்டெப் நடக்க வேண்டும் என்று மகன் சொல்கிறான். சமையல், கடை, மாடிப்படி எல்லாம் சேர்த்தாலும் போனில் 4,000-ஐத் தாண்டுவதில்லை. காலையில் வாக்கிங் போக நேரம் இல்லை. முட்டியும் வலிக்கிறது. படி ஏறினாலே இதயத்துக்கு நல்லது, மரத்தைப் பார்த்தாலே உடம்பு தேறும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா டாக்டர்?

பதில்: முதலில் அந்த 10,000 பயத்தை விடுங்கள் அம்மா. அது எந்த மருத்துவரும் ஆராய்ந்து சொன்ன கணக்கு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானில் நடையை எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் விளம்பரத்தோடு பரவிய எண் அது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்கள் சுமார் 17,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. தினமும் 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம், ஆய்வு நடந்த நான்கைந்து வருடங்களில் மரணம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள் குறைவாக நடந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனாலும் உங்கள் 4,000 வீண் இல்லை.

படி ஏறும் செய்திக்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களையும், டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிய கண்டக்டர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டார். 1953-இல் முடிவு வந்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் டிரைவர்களுக்கு வந்த அளவு உயிரைப் பறிக்கவில்லை. டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பருமனாக இருந்தார்களோ என்று சந்தேகப்பட்டு, அப்புறம் அவர்களுடைய யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பளவைக்கூட மாரிஸ் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் வித்தியாசம் முழுவதையும் அதனால் விளக்க முடியவில்லை. உங்களுக்கு முட்டி வலி இருப்பதால் படிக்காகவே தனியாக ஏறி இறங்க வேண்டாம். வேலையாக ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறுங்கள். நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்தைவிட மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நின்று டாக்டரிடம் போக வேண்டும்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வருவது வேறு. எப்போது நடக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 41 பேரைக் கொஞ்ச நாள் தினமும் அரை மணி நேரம், அவர்களுக்கு வசதிப்பட்ட வேளையில் நடக்கச் சொன்னார்கள். அதே ஆட்களை இன்னும் கொஞ்ச நாள் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் சாப்பிட்டபின் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். கால் தசை வேலை செய்யும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டு முடித்த நேரத்தில்தான் சர்க்கரை ஏறுகிறது, அப்போதுதான் அந்த உதவி தேவை. இரவு சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்காருவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதில் பத்து நிமிடத்தை மட்டும் எடுங்கள். மொட்டை மாடியோ ஹாலோ போதும், வேகம் தேவையில்லை. செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்; சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் காயம் பட்டது தெரியாமலே போகும்.

மரம் நோயைக் குணமாக்காது. ஆனால் அந்தச் செய்தி ஒரேயடியாகப் பொய்யும் இல்லை. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களை ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 1984-இல் எழுதினார். ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிட முக்கால் நாள் முன்பே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. நடக்கிற இடத்தில் வேப்பமரம் தெரிந்தால் நல்லதுதான்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் இரவு மூன்று இட்லி, சாம்பார் சாப்பிட்டு, வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள். மறுநாள் அதே மூன்று இட்லி, அதே சாம்பார், பத்து நிமிட நடை, அதே நேரத்தில் மறுபடி சோதனை. ஒரு நாள் அளவு மாறிப்போகலாம், அதனால் இரண்டு மூன்று முறை செய்து பார்த்து, எண்களைத் தாளில் குறித்து அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த நடையால் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. பின்னால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால், நடைக்கு ஏற்ப அளவை மாற்ற வேண்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.