பூங்கா, கழிப்பறை, நூலகம், வீட்டு வரி: வார்டு கவுன்சிலரிடம் உங்கள் கேள்விகள்

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகராட்சியின் வார்டு உறுப்பினர் நான். 2022 பிப்ரவரி 19ஆம் தேதி நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து வந்தேன். நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, பூங்காவோ நூலகமோ வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததை ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: அம்மா, ஒரு கவுன்சிலருக்கு வருஷத்துக்கு எவ்வளவு நிதி ஒதுக்குகிறார்கள்? எங்கள் வார்டுக்கு வந்த பணம் எங்கே போனது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

ஐயா, எம்எல்ஏவுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்பிக்கு 5 கோடி என்று தனித்தனியாக உண்டு. சென்னை மாநகராட்சியில் கவுன்சிலருக்கும் வார்டு நிதி இருக்கிறது. எங்கள் நகராட்சியில் அப்படி என் பெயரில் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. 2023 ஜூலை முதல் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் தருகிறார்கள், அவ்வளவுதான். வார்டு வேலை எதுவானாலும் மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வந்து நிறைவேறினால்தான் நடக்கும்.

நகராட்சிக்குப் பணம் மூன்று வழியில் வருகிறது. ஒன்று சொந்த வருவாய்: சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை. இரண்டாவது, மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கும் 10 சதவீதத்தில் நமக்கு வரும் பங்கு. மூன்றாவது திட்ட நிதி: குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மத்திய நிதி ஆணைய மானியம் இப்படி.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். திட்ட நிதி பெரும்பாலும் கட்டுவதற்கு மட்டும் வரும். கட்டியதை நடத்த வராது. 15ஆவது நிதி ஆணையம் எங்களைப் போன்ற ஊர்களுக்கு 2021-22 முதல் 2025-26 வரை ஒதுக்கிய மானியத்தில் 30 சதவீதம் குடிநீருக்கு, 30 சதவீதம் துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும் என்று கட்டிப்போட்டுவிட்டது. மீதி 40 சதவீதத்தைத்தான் மன்றம் தன் விருப்பப்படி செலவு செய்யலாம், அதையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. அப்படியானால் காவலாளி, மின்கட்டணம், மோட்டார் ரிப்பேர், பினாயில் எல்லாமே பொது நிதியிலிருந்துதான் போக வேண்டும். ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக்கும் குடிநீர் பம்புக்கும் கரண்ட் பில் போக அதில் மிஞ்சுவது சொற்பம். உங்கள் வார்டில் ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்தால் காரணத்தை முதலில் அங்கே தேடுங்கள்.

சொந்த வீடு வைத்திருப்பவர்: 2022இல் வீட்டு வரியை ஏற்றினீர்கள். எனக்கு என்ன கிடைத்தது?

நியாயமான கேள்வி. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். அதற்கு முன் நகராட்சிகளில் வரி சீராய்வு நடந்தது 2008இல். இடையில் டீசல், சிமெண்ட், கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டன. சொத்து வரியைச் சீரமைக்காவிட்டால் மத்திய மானியம் நிற்கும் என்ற நிபந்தனையும் இருந்தது.

வரியை ஏற்றியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்றுவதற்கு முன் விட்டுப்போனதைப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முன்பக்கம் கடைகள், மாடியில் கிளினிக், ஆனால் ரெக்கார்டில் குடியிருப்பு! எந்த ஊரிலும் கடைவீதியில் நடந்து பார்த்தால் இப்படிக் கட்டடங்கள் கண்ணில் படும். பழைய ஓட்டு வீட்டுக்கு ஒழுங்காக வரி கட்டும் பாட்டிக்கு இது தெரிந்தால் வயிறு எரியும். அளவெடுக்க ஆள் இல்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

இன்னொன்று, உங்கள் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தது அது, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. நகராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டும். கிளை நூலகத்தில் ஃபேன் ஓடவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள், அதற்கென்று தனியாகப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். அப்புறம், அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு.

பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அக்காவுக்காக அவர் மகள் கேட்டது: அம்மா காலை 5 மணியிலிருந்து அங்கேதான் இருக்கிறார். கட்டணக் கழிப்பறை பக்கம் போகவே முடியவில்லை. புதுசாகக் கட்டித் தருவீர்களா?

தங்கச்சி, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். என் மனசில் அடிக்கடி ஓடும் விஷயம் இது.

எங்கள் பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்தேன். கட்டடத்துக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை, டைல்ஸ் கூட நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் பக்கம் நான்கு கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டியூப்லைட் ஃபியூஸ். நாப்கின் போடக் கூடை இல்லாததால் ஜன்னல் விளிம்பில் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்கள். மோட்டார் எரிந்துபோய் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள், அதில் ஒரே ஒரு மக். இந்த இடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் கொஞ்ச காலத்தில் புதுக் கட்டடமும் இதே கதிதான் ஆகும்.

இதில் குறைவது ஆள். காலை 4 மணியிலிருந்து ராத்திரி கடைசி பஸ் வரைக்கும் இரண்டு ஷிப்ட் ஆள் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்களுக்கு முழுச் சம்பளம், கையுறை, பூட்ஸ், செப்டிக் டேங்க் நிரம்பினால் இயந்திரம். மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், அதை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் கழிப்பறையை நடத்த ஏலம் எப்படி விடுகிறோம்? நகராட்சிக்கு அதிகத் தொகை கட்டுகிறவருக்குக் கொடுக்கிறோம். அவர் அந்தத் தொகையை எடுக்க எங்கே கை வைப்பார்? ஆளைக் குறைப்பார், தண்ணீரைக் குறைப்பார். கழிப்பறையை வருமானம் தரும் இனமாகப் பார்க்கிற வரைக்கும் அது நாறத்தான் செய்யும்.

மன்றத்தில் நான் கேட்டது, ஏலத்தை நிறுத்திவிட்டு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு மாதத் தொகை கொடுத்துப் பராமரிக்கச் சொல்லலாம் என்பது. அங்கேயே வியாபாரம் செய்கிற பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்றும் கேட்டேன். வருமான இழப்பு என்று ஆட்சேபம் வந்தது. விடவில்லை, மறுபடியும் வைப்பேன். இப்போதைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் மோட்டாரும் சரியாகிவிட்டன. அதற்கு ஆன செலவு புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டக்கூடக் காணாது.

கல்லூரி மாணவர்: அக்கா, எங்கள் நகரில் லேஅவுட் போட்டபோது விளையாட்டுத் திடலுக்கு இடம் விட்டார்களாம். இப்போது அங்கே யாரோ கார் நிறுத்துகிறார்கள், ஒரு மூலையில் கொட்டகையும் வந்துவிட்டது.

தம்பி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். ஓஎஸ்ஆர் இடம் என்பார்கள். முதலில் நகரமைப்புப் பிரிவில் உங்கள் லேஅவுட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் தானப் பத்திர எண்ணையும் கேளுங்கள். பத்திரம் பதிவாகியிருந்தால் அது நகராட்சி இடம், கொட்டகையை எடுக்க நோட்டீஸ் விடலாம். பத்திரமே பதியாமல் மனைகளை விற்றுவிட்டுப் போயிருந்தால் சிக்கல், ஆனால் வரைபடத்தில் பூங்கா என்று இருப்பதை மனையாக மாற்றி விற்க முடியாது.

இடம் கைக்கு வந்ததும் உடனே நீரூற்று, சிலை, நடைபாதைக் கல் என்று எஸ்டிமேட் போடச் சொல்லாதீர்கள். கம்பி வேலி, பெயர்ப்பலகை, நாலு வேப்பமரம், ஒரு வாலிபால் நெட். பிள்ளைகள் தினமும் விளையாடுகிற இடத்தில் யாரும் லேசில் கொட்டகை போட முடியாது.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து: நமக்கு நாமே திட்டத்தில் நாங்கள் பணம் போட்டால் வேலை சீக்கிரம் நடக்குமா?

நடக்கும். பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நிறுவனங்களின் நன்கொடையையும் அதில் சேர்க்கலாம். உங்களுக்கு வசதி இருந்தால் தாராளமாக வாருங்கள், கடிதம் எழுத நானே உதவுகிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணம் திரட்ட முடிந்த தெருவுக்கு அரசுப் பணமும் சேர்ந்து போகிறது. கூலி வேலை செய்கிறவர்கள் இருக்கிற தெருவில் மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போவார்கள்? அதனால்தான் அந்தத் தெருக்களின் கோரிக்கையைப் பொது நிதியில் முதலில் எடுக்க வேண்டும் என்று மன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: அறிவுசார் மையம் திறந்தீர்கள், ரொம்ப நன்றி. ஆனால் சாயங்காலமே பூட்டிவிடுகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு படிக்கிற நாங்கள் என்ன செய்வது?

கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் வந்தவை இந்த மையங்கள். கட்டடம், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் திட்ட நிதி. ராத்திரி வரை திறந்திருக்க ஓர் ஆளும் ஒரு காவலாளியும் வேண்டும், அது நகராட்சி பொறுப்பு. முதல் கேள்விக்குச் சொன்ன அதே கதை. என்னைக் கேட்டால் இந்த ஊரில் போடும் செலவிலேயே உருப்படியானது இதுதான். குரூப் 4 நெருங்கும் நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒற்றை அறை, டிவி ஓடும், அவர்களுக்குத் தேவை ஒரு நாற்காலியும் வெளிச்சமும் அமைதியும்தான். நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, எத்தனை மணி வரை வேண்டும் என்று எழுதி ஆணையருக்கு ஒரு மனு கொடுங்கள், எனக்கும் ஒரு நகல் வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் மன்றத்தில் என் பேச்சுக்கு எடை கூடும்.

எங்கள் தெருவில் ரோடு போட்டுவிட்டு மறுபடி தோண்டுகிறார்கள். ஏன்?

குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துறை, ஒவ்வொரு எஸ்டிமேட். தெருவுக்கு ரோடு வருகிறது என்று தெரிந்ததும் வீட்டு இணைப்பு எல்லாம் முடிந்ததா என்று கேளுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசு போட வேண்டும் என்று 2021லேயே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. சுரண்டாமல் போட வந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

நலவாழ்வு மையத்துக்கு எப்போது போகலாம்?

நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. வேலை விட்டு வந்து பார்க்கலாம் என்பதற்காகவே மாலை நேரம். 2023 ஜூன் 6ஆம் தேதி மாநிலம் முழுக்க 500 மையங்கள் ஒரே நாளில் தொடங்கப்பட்டன. டாக்டர் வராத நாள் இருந்தால் தேதி குறித்து எனக்குச் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எந்த வேலையிலும் கமிஷன் என்கிறார்களே, உங்களை எப்படி நம்புவது?

நம்பச் சொல்லவில்லை, சரிபாருங்கள். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. பணி ஆணை, மதிப்பீடு, எம்-புக் எனும் அளவுப் புத்தகம் மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். எம்-புக்கில் எழுதியிருக்கிற நீளம், அகலம், கனத்தை டேப் பிடித்து நேரில் அளந்து பாருங்கள். என் வார்டு வேலையை அளக்க வந்தால் டேப்பின் மறுமுனையை நானே பிடிக்கிறேன்.

இல்லத்தரசி ஒருவர்: பகுதி சபா கூட்டத்துக்குப் போனால் பயன் உண்டா? நாங்கள் போய் என்ன பேசுவது?

உண்டு அக்கா, கட்டாயம் வாருங்கள். வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபா, இரண்டுக்குமான விதிகள் 2022இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. பல இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். நீங்கள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் அப்படி அனுப்புவது கஷ்டம். பேசியதைக் கூட்டப் பதிவேட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அங்கன்வாடி, சமுதாயக் கூடம், ஜிம் எதுவாக இருந்தாலும், கேட்கும்போது கூடவே இதையும் கேளுங்கள்: தினமும் யார் திறப்பார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில், கரண்ட் பில் யார் கட்டுவது. நகராட்சி பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் நிறைவேற வேண்டும், அதற்கான பட்டியல் அதற்கு முன்பே தயாராகிவிடும். ஆகவே அடுத்த நிதியாண்டுக்கு வேண்டியதை டிசம்பர், ஜனவரிக்குள் மனுவாகக் கொடுங்கள். ஏப்ரலில் கொண்டுவந்தால் நானும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்ல வேண்டி வரும்.