பாதையில் குச்சி இருக்கிறது, வழிகாட்டி எதற்கு?

கேள்வி: எனக்கு 54 வயது. ஆசிரியை வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றிருக்கிறேன். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். ஐஸ்லாந்தில் லோய்கவேகுர் என்ற மலைப்பாதையில், குடிலுக்குக் குடில் தங்கி நான்கு நாள் நடக்கும் பயணம் போக வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. கணவருக்கு முழங்கால் வலி, வர மாட்டார். மகனோ, "பாதை முழுக்கக் குச்சி நட்டு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிக்கு எதற்கு அவ்வளவு பணம்? தனியாகப் போனால் செலவு பாதியாகும்" என்கிறான். வழியில் ஆறுகளில் இறங்கிக் கடக்க வேண்டும், முன்பின் தெரியாத ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் படுக்க வேண்டும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் போகலாமா? வழிகாட்டி அவசியமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போகலாம். வழிகாட்டியோடு போங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் அவ்வளவுதான். ஆனால் உங்கள் மகனுக்குக் காரணம் சொல்லியாக வேண்டுமே!

அவர் சொல்வதில் பாதி உண்மை. லாண்ட்மன்னலோய்கரில் தொடங்கி தோர்ஸ்மோர்க்கில் முடியும் இந்தச் சுமார் 55 கிலோமீட்டர் பாதையில் அடையாளக் குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. கோடையில் முன்னும் பின்னும் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். 1997 முதல் இதே பாதையில் ஆண்டுதோறும் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. நீங்கள் நான்கு நாளில் நடக்கப்போகும் தூரத்தை அதில் முந்தி வருபவர்கள் ஒரு முற்பகலில் ஓடி முடித்துவிடுகிறார்கள். வானம் தெளிந்த நாளில் இங்கே வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

சிக்கல் தெளியாத நாளில்தான். முதல் நாள் நடை வெறும் 12 கிலோமீட்டர், ஏற்றம் 470 மீட்டர் அளவுக்கு. கணக்கில் பார்த்தால் உங்கள் காலை நடையை இரண்டரை மடங்காக்கினால் போதும். ஆனால் அன்று மாலை நீங்கள் சேர வேண்டிய ஹ்ராப்ன்டின்னுஸ்கெர் குடில் ஆயிரம் மீட்டருக்கும் மேலே, மரம் செடி எதுவும் இல்லாத மொட்டைப் பீடபூமியில் இருக்கிறது. அங்கே ஜூலையிலும் பனித்திட்டு கிடக்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. அடுத்த குச்சி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மழை அங்கே மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் வருவதுதான் அதிகம். 2004 ஜூன் இறுதியில் ஓர் இளைஞர் புயலில் சிக்கி, அந்தக் குடிலுக்குச் சற்றுத் தொலைவிலேயே உயிரிழந்தார். அவர் நினைவாகக் கற்களை அடுக்கிவைத்திருக்கும் இடத்தைக் கடந்துதான் எல்லோரும் போகிறார்கள்.

தனியாகப் போகிறவரின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நான்கு இரவுக்கும் படுக்கையை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்து பணம் கட்டியாயிற்று. இன்று ஒரு நாள் பொறுத்தால் நாளைக்கு இந்தப் படுக்கை வேறொருவருடையது. அடுத்த குடிலில் தன்னுடையது வீணாகும். திரும்பும் விமானத்தின் தேதி மாறாது. இத்தனையும் சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளும்போது, "காற்று கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, பரவாயில்லை, கிளம்பிவிடலாம்" என்றுதான் எவருக்கும் தோன்றும். வழிகாட்டிக்கு அந்த நெருக்கடி இல்லை. காலையில் குடில் காப்பாளரிடம் வானிலை கேட்பார். விடியற்காலையே கிளம்பச் சொல்வார், அல்லது மதியம் வரை காத்திருக்கச் சொல்வார், அல்லது "இன்று நடை இல்லை, வண்டி வரவழைக்கிறேன்" என்பார். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு, வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் கூட இருப்பதற்காகத்தான். ஒரு முறையும் அவர் அப்படிச் சொல்ல நேராமல் பயணம் முடிந்தால் பணம் வீண் என்று மகன் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனி ஆறுகள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவற்றில் நியாயமான பயம் இது ஒன்றுதான். பெரிய ஆறுகள் சிலவற்றுக்குப் பாலம் உண்டு. பாலம் இல்லாதவற்றில் பெயர் சொல்லத் தக்கவை, மூன்றாம் நாள் வரும் ப்ளாஃப்யாட்லக்விஸ்லும் கடைசி நாள் தோர்ஸ்மோர்க்குக்கு முன்னால் வரும் த்ரோங்காவும். வழக்கமான நாளில் முழங்கால் அளவு, மழை பெய்தால் அதற்கும் மேலே. பனிப்பாறை உருகி வரும் நீர் என்பதால் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். ஒன்று, காலையில் குறைவாகவும், வெயில் ஏறிய பிறகு பிற்பகலிலும் மாலையிலும் கூடுதலாகவும் ஓடும். இரண்டு, வண்டல் கலந்து சாம்பல் நிறமாக ஓடும் நீரில் அடி தெரியாது, கால்தான் கண்.

கடப்பது இப்படித்தான். கரையில் உட்கார்ந்து பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, பூட்ஸ் கயிற்றை முடிந்து பையில் தொங்கவிடுவார்கள். பட்டை வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ மாட்டிக்கொள்வார்கள். வெறுங்காலோடு இறங்கக் கூடாது, கல் உருளும். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுவார்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும் அல்லவா? வழிகாட்டி முதலில் கோலை ஊன்றித் தனியாக இறங்கிப் பார்ப்பார். ஆறு குறுகும் இடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார், அங்கே ஆழமும் இழுப்பும் அதிகம். ஆறு விரிந்து இரண்டு மூன்று கிளையாகப் பிரியும் இடம்தான் அவருக்குப் பிடிக்கும். பிறகு இரண்டு மூன்று பேராகக் கை கோத்துக்கொண்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, பக்கவாட்டில் அடி வைத்துக் கடப்பீர்கள். குளிரில் முதலில் கணுக்கால் வலிக்கும், பிறகு மரத்துப்போகும், அக்கரையில் சாக்ஸ் போட்ட பின் தீயாய்ச் சுடும். சில நிமிட வேலை. தனியாக வருபவர்கள் கரையில் நின்று, அடுத்த குழு வரட்டும் என்று காத்திருப்பதையும் பார்ப்பீர்கள். அவர்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளுங்கள்.

குடிலைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டாம். பெரும்பாலான குடில்களை நடத்துவது 1927இல் தொடங்கிய ஐஸ்லாந்து நடைப்பயணச் சங்கம். அடுக்குக் கட்டில், அதில் வரிசையாக மெத்தை. ஸ்லீப்பிங் பேக் நீங்கள் கொண்டுபோக வேண்டும். ஆண், பெண் என்று அறை பிரிப்பதில்லை, உண்மைதான். ஆனால் நாளெல்லாம் நடந்து களைத்தவர்கள் ஆளுக்கொரு பைக்குள் கழுத்து வரை மூடிக்கொண்டு படுக்கும் இடம் அது. "பெண்கள் பக்கம் இடம் வேண்டும்" என்று முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார், இதில் கூச்சம் தேவையில்லை. நிஜமான தொல்லை குறட்டை. அடுத்தது வெளிச்சம், ஜூலையில் அங்கே இரவு முழுமையாக இருட்டுவதில்லை. காதடைப்பானும் கண்மறைப்புத் துணியும் சேர்ந்து கையளவு எடைகூட வராது. ஈரச் சாக்ஸை ஹீட்டர் பக்கத்தில் காயவைக்க நடக்கும் மௌனப் போட்டியில் முந்திக்கொள்ளுங்கள். பூட்ஸ் வாசலோடு சரி, உள்ளே கொண்டுபோகக் கூடாது. முதல் குடிலில் குளிக்க வசதி இல்லை. மற்றவற்றில் குரோனா (அந்நாட்டு நாணயம்) கட்டினால் வெந்நீர்க் குளியல் கிடைக்கும். செல்போனுக்குச் சார்ஜ் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல் தகுதி பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். ஐந்து கிலோமீட்டர் சமதள நடை போதாது. 54 வயது தடையே இல்லை. பழகாத முழங்கால்தான் தடை. இரண்டாம் நாள் அல்ஃப்டவாட்ன் ஏரியை நோக்கி இறங்கும் சரிவு செங்குத்தானது. மலை பச்சையாக மாறுவதும், கீழே ஏரியும், தூரத்தில் பனிமுடிகளும் தெரிவதும் அங்கிருந்துதான். ஆனால் ரசிக்க வேண்டுமென்றால் நின்று ரசியுங்கள், நடந்துகொண்டே வேண்டாம். நான்கு மாதமாவது முன்னதாகவே பையில் ஆறேழு கிலோ சுமந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள், இறங்குவதற்கு அதிக நேரம் கொடுங்கள். வாரம் ஒரு நாள் பதினைந்து கிலோமீட்டர் நடந்து, மறுநாளும் அதே தூரம் நடந்து பாருங்கள். அந்த மறுநாள் நடைதான் உண்மையான தேர்வு. ஒரு ஜோடி நடைக்கோல் வாங்கி அதோடு பழகுங்கள். பருத்தி உடை ஒன்றுகூட வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடை, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, கால்சட்டை, கையுறை, குல்லா. ஆகஸ்டாக இருந்தாலும் இவை வேண்டும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களைப் பார்த்து மயங்காமல் சில கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். ஐஸ்லாந்து சுற்றுலா வாரியத்தின் உரிமம் இருக்கிறதா? எழுத்தில் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா (சட்டப்படி இருக்க வேண்டும்)? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? பெரிய பையை வண்டியில் குடிலுக்குக் குடில் கொண்டுபோவீர்களா, பனி மிஞ்சியிருக்கும் பருவத் தொடக்கத்தில் முதல் குடில் வரைக்கும் வண்டி வருமா? சமையல் யார்? சைவம் என்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். மலையில் கடை கிடையாது, ஆட்டிறைச்சிக் குழம்பைச் சுட்டிக்காட்டி "இதில் காய்கறியும் இருக்கிறது" என்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: வானிலை கெட்டு ஒரு நாள் நடை ரத்தானால் என்ன செய்வீர்கள்? இதற்குத் தெளிவாகப் பதில் எழுதுகிறவரிடம் பணம் கட்டுங்கள். "அப்படி நடப்பது அபூர்வம்" என்று எழுதினால் வேறு ஆளைப் பாருங்கள்.

எரிமலை பற்றி வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். நடப்பதே டோர்ஃபயோகுல் என்ற எரிமலையின் மேல்தான். அந்த மஞ்சள், சிவப்பு, பச்சை மலைகள் ரயோலைட் என்ற எரிமலைப் பாறை. வெந்நீராவி அதைத் தின்று நிறம் மாற்றியிருக்கிறது. கிளம்பிய சற்று நேரத்தில் நீங்கள் கடக்கும் எரிமலைக் குழம்பு வயல் 1477இல் உறைந்தது. பிற்பாதியில் வலதும் இடதுமாகத் தெரியும் பனிமுடிகளில் ஒன்று 2010இல் வெடித்து ஐரோப்பாவின் விமானங்களை நிறுத்திவைத்த எய்யாஃப்யாட்லயோகுல். மற்றொன்றின் அடியில் கட்லா என்ற எரிமலை இருக்கிறது, அது கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918இல். கண்காணிப்பு நன்றாக இருக்கிறது. ஆபத்து என்றால் அப்பகுதிச் செல்போன்களுக்குக் குறுஞ்செய்தி வரும். நாள்தோறும் இருக்கும் அபாயம் வேறு: ஆவி வரும் இடங்களில் மண் மெல்லிய ஏடுதான், அடியில் கொதிநீர். பாதையை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள், படத்துக்காகக்கூட. அவசர எண் 112. ஆனால் சில இடங்களில் சிக்னல் இருக்காது. தேடி வரும் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், புத்தாண்டுக்குப் பட்டாசு விற்று நிதி திரட்டுகிறவர்கள்! அவர்கள் கட்டணம் கேட்க மாட்டார்கள். மருத்துவமனை கேட்கும். எனவே மலைநடைக்கும் பொருந்தும் பயணக் காப்பீடு எடுங்கள்.

தேதி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் இருக்கட்டும். ஜூன் கடைசியில் பனியும் சேறும் மிச்சம் இருக்கும், செப்டம்பரில் குடில்கள் மூடத் தொடங்கிவிடும். குடில் படுக்கைகள் சீக்கிரம் தீரும் என்பதால் முந்தைய குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.

உங்கள் கணவரை வீட்டில் விட்டுப் போக வேண்டியதில்லை என்பது என் யோசனை. கோடையில் ரெய்க்யவிக்கிலிருந்து தோர்ஸ்மோர்க்குக்கே உயரச் சக்கரப் பஸ் ஆற்றைக் கடந்து போகிறது. அங்கும் குடில் உண்டு, பிர்ச் மரக்காடு உண்டு, சுற்றிலும் முழங்காலுக்கு வலிக்காத சிறு நடைகள் உண்டு. நீங்கள் வந்துசேரும் நாளுக்கு முந்தைய மதியம் அவர் அங்கே போய் இறங்கினால் போதும். பதிவு செய்யும்போதே அவருக்கும் ஒரு படுக்கை சொல்லிவிடுங்கள். அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டாக.