கொமேடா: பியானோவா, சினிமாவா?

வணக்கம்.

'ரோஸ்மேரிஸ் பேபி' என்ற திகில் படத்தின் தாலாட்டு மனதை விட்டுப் போகாமல், இசையமைத்தவர் யாரென்று தேடினேன். க்ஷிஷ்டோஃப் கொமேடா, போலந்தின் ஜாஸ் பியானோக் கலைஞர் என்று தெரிந்தது. ஜாஸில் ஊறிய என் நண்பரிடம் சொன்னபோது, "அவருக்கு விரல் வேகம் கிடையாது. இருந்த திறமையையும் சினிமாவில் கரைத்துவிட்டார்" என்றார். அப்படியா? அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. கொமேடா வேகமாக வாசித்து அசத்துபவர் அல்ல. இரண்டாவது பாதியை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் க்ஷிஷ்டோஃப் ட்ஷ்சின்ஸ்கி. 1931இல் போஸ்னான் நகரில் பிறந்தார். படித்தது மருத்துவம், பார்த்த வேலை காது மூக்கு தொண்டைப் பிரிவில். ஸ்டாலின் காலத்துப் போலந்தில் ஜாஸ் என்றாலே அமெரிக்கச் சீரழிவு என்ற பார்வை இருந்தது. வீடுகளுக்குள் கூடி, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் வாசித்தார்கள். மருத்துவமனையில் உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவர் 'கொமேடா' என்ற பெயரை வைத்துக்கொண்டார். 1956இல் சோபோட் கடற்கரை நகரத்தில் ஜாஸ் விழா நடத்த அனுமதி கிடைத்தது. அங்கே தன் ஆறு பேர் குழுவோடு மேடையேறியபோது அந்த மறைவுப் பெயரே ஊரறிந்த பெயராகிவிட்டது. கொஞ்ச காலத்தில் மருத்துவத்தையும் விட்டார்.

அப்புறம் சினிமா. பின்னாளில் 'ரோஸ்மேரிஸ் பேபி'யை இயக்கிய ரோமன் போலன்ஸ்கி, திரைப்பட மாணவராக இருந்தபோது 1958இல் எடுத்த 'இரண்டு மனிதர்களும் ஓர் அலமாரியும்' குறும்படத்துக்கு இசையமைக்க இவரைக் கூப்பிட்டார். கடலிலிருந்து இரண்டு பேர் ஒரு பெரிய அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறி, ஊருக்குள் போகிறார்கள். படத்தில் வசனமே இல்லை. அவர்களுடைய நட்பையும், ஊர் அவர்களை விரட்டுவதையும் இசைதான் சொல்லியாக வேண்டும். தொடக்கத்திலேயே இப்படி ஒரு வேலை கிடைத்தது பெரிய பாக்கியம் என்று நினைக்கிறேன். எங்கே வாசிப்பது என்பதைவிட எங்கே வாசிக்காமல் இருப்பது என்று அங்கே கற்றுக்கொண்டிருப்பார். 1962இல் வந்த 'தண்ணீரில் கத்தி' படத்தைப் பாருங்கள். ஒரு படகு, மூன்று பேர், சுற்றிலும் ஏரி. ஸ்வீடன்காரர் பெர்ன்ட் ரோசன்கிரென் வாசித்த சாக்ஸஃபோன் அந்தத் தண்ணீர்மேல் போகும்போது, அந்த மூவரும் வாய்விட்டுச் சொல்லாதது அதில் வந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் நேராக அவருடைய ஜாஸுக்குள் போனது. 1965 டிசம்பரில் வார்சாவில் பதிவு செய்த 'அஸ்டிக்மாட்டிக்' இசைத்தட்டு அதற்குச் சாட்சி. ஐந்து பேர்: டிரம்பெட்டில் தோமாஷ் ஸ்தான்கோ, ஆல்டோ சாக்ஸஃபோனில் ஸ்பிக்னியேவ் நமிஸ்வோவ்ஸ்கி, பாஸில் ஜெர்மானியர் குந்தர் லென்ஸ், டிரம்ஸில் ஸ்வீடனின் ரூனே கார்ல்சன், பியானோவில் கொமேடா. மொத்தமே மூன்று உருப்படிகள்தான். தலைப்பு உருப்படி மட்டும் இருபது நிமிடத்தைத் தாண்டும். மெட்டைச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஆள் முறை வைத்து மனோதர்மம் வாசிக்கிற வழக்கமான அமைப்பு இல்லை. திரைக்கதையில் காட்சிகள் மாறுவது போலப் பகுதிகள் மாறுகின்றன. டிரம்பெட் உச்சத்துக்குப் போகிற இடங்களில் பியானோவைக் கவனியுங்கள். ஒரு கொத்து ஸ்வரம், பிறகு மௌனம், மறுபடி ஒரு கொத்து. அடுத்தவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அந்தக் கொத்துகள்தான் சொல்கின்றன. இதற்கு விரல் வேகம் எதற்கு?

அதே தட்டில் உள்ள 'கட்டோர்னா' என்ற உருப்படி ஒரு படத்துக்காக அவர் போட்ட மெட்டு. ஹென்னிங் கார்ல்சன் என்ற டேனிஷ் இயக்குநரின் படம். சினிமாவில் கரைந்ததாக நண்பர் சொல்வது, ஐரோப்பிய ஜாஸின் மிகச் சிறந்த தட்டுகளில் ஒன்றில் இப்படி உட்கார்ந்திருக்கிறது. இதை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

உங்களுக்குப் பிடித்த தாலாட்டு 1968இல் வந்தது. நியூயார்க் கட்டடங்களின் மேலாகக் கேமரா நகர, கதாநாயகி மியா ஃபாரோவே வார்த்தையில்லாமல் 'லா லா' என்று பாடுகிறார். பயமுறுத்த ஒரு சத்தமும் இல்லை. அதனால்தான் அது இவ்வளவு பயமாக இருக்கிறது.

அந்த ஆண்டு கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் விழுந்ததில் கொமேடாவுக்குத் தலையில் அடிபட்டது. நினைவு திரும்பாமலே போலந்துக்குக் கொண்டுவந்தார்கள். 1969 ஏப்ரல் 23 அன்று வார்சாவில் இறந்தார். 38 வயதாக இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், 'கட்டோர்னா'விலிருந்து. ஏழு நிமிடம்தான். பழகிய பிறகு முழுத்தட்டையும் ஒரே மூச்சில் கேளுங்கள். அதற்குப் பின், ஸ்தான்கோ 1997இல் தன் பழைய தலைவரின் மெட்டுகளை மட்டும் வைத்து வெளியிட்ட 'லிட்டானியா'வுக்கு வாருங்கள். உங்கள் தாலாட்டும் அதே கையிலிருந்து வந்தது என்று அப்போது உங்கள் காதுக்கே தெரியும்.

அன்புடன்.